சிஞ்ஞோரா சியேக்கோவின் யப்பான் மொழி

சீசா, பலெர்மோ
14 ஜனவரி 2025

என் அன்புள்ள மருமகள் மொனிகாவுக்கும், அவளுக்கு முன்பே இக்கடிதத்தைப் பிரித்து வாசித்துக்கொண்டிருக்கும் வணக்கத்துக்குரிய மதர் கிளறாவுக்கும்,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் நலம். என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை; அது எப்போதும் தனிக்கட்சி. நீ எப்படி இருக்கிறாய்? மடத்தில் வயிறாரச் சாப்பாடு தருகிறார்களா? (மதர், இது விசாரிப்புத்தான், குற்றச்சாட்டு அல்ல.) துறவுப் பயிற்சி முடியும்வரை உனக்குத் தொலைபேசி கூடாது, மாதம் ஒரு கடிதம்தான் என்கிறார்கள். நல்லது. என்னுடைய கதைகளைத் தொலைபேசி தாங்காது.

மொனிகா, இப்போது நான் எழுதப்போவதை நீ நம்பமாட்டாய். யாருமே நம்பமாட்டார்கள். பலெர்மோவில் உள்ள அத்தனை கோவில் மணிகளிலும் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன், இதை நம்பக்கூடிய மனிதப் பிறவி இன்னும் பிறக்கவில்லை. ஆகவே கவனமாக வாசி.

நான் பராமரிக்கும் சிஞ்ஞோரா சியேக்கோவைப் பற்றி உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். (மதர், இங்கே அம்மையாரைச் சிஞ்ஞோரா என்பார்கள்.) யப்பான்காரி. வயது எண்பத்தெட்டு. சிசிலியக் கப்பல் வைத்தியர் ஒருவரின் விதவை. எடை முப்பத்தேழு கிலோ, அதிகாரம் முப்பத்தேழு தொன். நான்கு வருடமாக என்னைத் தூய இத்தாலிய மொழியில் ஆட்சி செய்தார். “வலன்ரீனோ, இது காப்பி இல்லை, குற்றம்!” என்று அவர் சொன்னால் கோப்பையே தலைகுனியும்.

டிசம்பரில் அவருடைய மகன் சான்ட்ரோ, தான் வாழும் வடக்கு நகரமான தொரினோவிலிருந்து இரண்டு பேரை அனுப்பிவைத்தான். கறுப்புக் கோட்டு, கோப்பு, பேனா. அம்மாவின் புத்தி சரியாக இருக்கிறதா என்று பார்க்க. அவர்கள் வீட்டுக்குள் கால் வைத்ததும், செருப்பைக் கழற்றுவதுபோல சிஞ்ஞோரா இத்தாலிய மொழியைக் கழற்றி வைத்துவிட்டார்! அன்று தொடங்கி என்னோடும், மகனோடும், மருந்துக்காரனோடும் ஒரே யப்பான் மொழிதான்.

சான்ட்ரோ தொலைபேசியில் அழுவாரைப்போலச் சொன்னான்: “எனக்கு யப்பானிலை பத்து வரைக்கும் எண்ணத்தான் தெரியும். அம்மா எனக்குப் படிப்பிக்கேல்லை. அவ கதைக்கிறது ஒருத்தருக்கும் விளங்காட்டி எப்பிடி வீட்டிலை வைச்சிருக்கிறது? யூன் மாதம் இஞ்சை ஒரு முதியோர் இல்லத்திலை விடப்போறன்.”

“எனக்கு விளங்குமே!”

இதைச் சொன்னது நானல்ல, என் வாய். அதோடு நின்றதா? மன்னார்க் கடலில் யப்பான்காரர்களோடு முத்துக் குளித்த என் பாட்டனார் எனக்குத் தொட்டிலிலேயே யப்பான் மொழி ஊட்டினார் என்றும் சேர்த்துச் சொல்லிற்று. இப்போது தினமும் ஆறு மணிக்கு அவன் தொலைபேசி எடுப்பான், சிஞ்ஞோரா பேசுவார், நான் மொழிபெயர்ப்பேன்.

உன் ஜெபத்தில் என்னை நினை. இரட்டை ஜெபமாக.

ஆசிகளுடன்,
கீழைத்தேய மொழிகளின் பேரறிஞன்
வலன்ரைன் மாமா


மன்னார்
4 பெப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் முழங்காலுக்கு வேதனை குறைய வேண்டுகிறேன். வாய்க்கும் சேர்த்து வேண்டச் சொல்லி மதர் சொன்னார்.

பாட்டனார் முத்துக் குளித்தாரா? அவர் குளத்தில் முகம் கழுவவே பயந்தவர் என்று அம்மா சொல்லியிருக்கிறார். உங்கள் கடிதம் சிவப்புப் பேனாக் கோடுகளோடுதான் எனக்குக் கிடைத்தது. ‘மிகை’ என்று ஓரத்தில் மதர் ஒன்பது இடத்தில் எழுதியிருக்கிறார்.

மாமா, மூன்று பக்கம் எழுதினீர்கள். ஒன்றை எழுதவில்லை. நீங்கள் படுப்பது சிஞ்ஞோராவின் வீட்டுப் பின்னறையில். உங்கள் வதிவிட அனுமதியை, அந்தப் பெர்மெசோவை, ஆவணியில் புதுப்பிக்க அந்த வேலைப் பத்திரம் வேண்டும். அவரை இல்லத்துக்கு அனுப்பிவிட்டால் நீங்கள் எங்கே படுப்பீர்கள்? எந்தப் பத்திரத்தோடு குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்குப் போவீர்கள்?

இதற்கு மட்டும் நேராகப் பதில் எழுதுங்கள்.

இறைவன் காக்க,
மொனிகா


சீசா, பலெர்மோ
20 பெப்ரவரி 2025

என் புத்திக்கூர்மை மிக்க மருமகளே,

சுகம். இங்கே குளிர் எப்படியென்றால், நேற்று வானொலிப் பெட்டியே தும்மிற்று. மதரின் சிவப்புப் பேனாவுக்கு என் வணக்கம். பத்தாவது கோடு இப்போது விழுந்திருக்கும்.

மொழிபெயர்ப்பு வெற்றியோ வெற்றி! சிஞ்ஞோரா ஒரு வசனம் சொன்னால் நான் ஒரு பிரசங்கம் செய்கிறேன். “வலன்ரீனோ இந்த வீட்டின் தூண்” என்கிறார் என்றேன். “மத்தியானச் சோறு சொர்க்கம்” என்கிறார் என்றேன். சான்ட்ரோ பொறியியலாளன் அல்லவா, நேற்றுப் பிடித்துக்கொண்டான்.

“அம்மா நாலு சொல்லுத்தான் சொன்னவ. நீ நாலு நிமிசம் சொல்லுறாய்?”

“அது வத்தக் காய்ச்சின பாசை, சிஞ்ஞோர். தண்ணி விட்டுத்தான் பரிமாற வேணும்.”

அவன் சிரிக்கவில்லை. மே 31ஆம் திகதி கத்தானியாவிலிருந்து ஒரு யப்பானியப் பேராசிரியையை அழைத்து வரப்போகிறானாம். அம்மாவோடு அவரைப் பேசவைத்துப் பார்த்துவிட்டுத்தான் இல்லத்தைப் பற்றிய முடிவு.

எனக்கு மூன்று மாதத்தில் யப்பான் மொழி வேண்டும். உங்கள் சபையில் உலகம் சுற்றிய சிஸ்ரர்மார் இருப்பார்களே, ஒருவருக்காவது தெரியாதா? சிஞ்ஞோரா ஓயாமல் சொல்லும் இரண்டு வசனத்தை, என் காது பிடித்தபடியே கீழே எழுதுகிறேன். கேட்டுச் சொல்:

ஆமி ஏய் பாடிர் மேயே.
ஆமி கொத்தாவோ ஜாபோ நா.

இரண்டாவதைச் சொல்லும்போது கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். பிடி என்றால் அப்படிப் பிடி. தீயணைப்புப் படை வந்தாலும் விரலைப் பிரிக்க முடியாது.

உன் மற்றக் கேள்விக்கு இடம் போதவில்லை. தாள் முடிந்துவிட்டது.

மாமா


மன்னார்
17 மார்ச் 2025

அன்புள்ள மாமா,

சுகமா? நான் சுகம், எல்லோரும் சுகம், சுகவிசாரணை இவ்வளவு போதும்!

நேற்று இரவுச் சாப்பாட்டில் உங்கள் கடிதத்தை மதரே எல்லோருக்கும் வாசித்தார். அந்த இரண்டு வசனம் வந்ததும் சிஸ்ரர் அகஸ்ரீனாவின் கையிலிருந்த கரண்டி சொதிக்குள் விழுந்துவிட்டது. அவர் இருபத்திரண்டு வருடம் கல்கத்தாவில் சேவை செய்தவர்.

“மதர், திருப்பி ஒருக்கா வாசியுங்கோ.”

மதர் வாசித்தார்.

“உது யப்பானுமில்லை, ஒண்டுமில்லை! வங்காளம்! தெள்ளத் தெளிவான வங்காளம்!”

பொருளையும் சொன்னார். முதலாவது: ‘நான் இந்த வீட்டுப் பெண் பிள்ளை.’ இரண்டாவது: ‘நான் எங்கேயும் போகமாட்டேன்.’

மேசை முழுவதும் ஒரே சத்தம். மௌன வேளை என்பதையே மறந்துவிட்டோம். மாமா, உங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர் வங்காளதேசத்தவர் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? நான்கு வருடமாகத் தினமும் அந்த மொழி யன்னலால் உள்ளே வருகிறதே! சிஞ்ஞோராவின் முகத்தைப் பார்த்து உங்கள் காது தானாகவே தீர்ப்பு எழுதிவிட்டதா?

உடனே அவரை மேலே கூட்டிக்கொண்டு போங்கள். இக்கடிதத்தை விரைவு அஞ்சலில் சேர்க்க மதர் தானே குடையோடு தபாற்கந்தோருக்குப் போகிறார்.

மொனிகா

(வலன்ரைன் அவர்களுக்கு: யப்பானியப் பெண்மணிக்கு வங்காளம் எப்படித் தெரியும்? தாமதியாமல் எழுதவும். மிகை இன்றி. — மதர் கிளறா)


சீசா, பலெர்மோ
2 ஏப்ரல் 2025

மருமகளே! மதரே! கரண்டியைத் தவறவிட்ட தேவதையே!

எல்லோரும் நலமா? நான் நலத்துக்கும் மேலே, கூரையில் நிற்கிறேன்.

கடிதத்தை வாசித்த கையோடு கீழே பாய்ந்தேன். முழங்கால் என்னோடு வரவில்லை, பிறகுதான் வந்தது. மிஜான் கத்தரிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தான். விசயத்தைச் சொன்னேன். “எங்கடை பாசையோ? அந்த யப்பான் மனிசியோ? நீ குடிச்சிருக்கிறாய்” என்றான். நான் அவன் தோளில் கைபோட்டு இழுத்தேன். அதைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரன் வந்தான், அவன் மைத்துனன் வந்தான், இப்படியாக எண்ணூறு வங்காளிகள் படியேறினார்கள். சீசாக் கட்டடமே ஒரு பக்கம் சாய்ந்தது.

சிஞ்ஞோரா கட்டிலில் இருந்தார். மிஜான் வாசலில் நின்று, அவன் மொழியில் மெதுவாக ஏதோ சொன்னான். ‘அம்மா, சுகமா இருக்கிறீங்களா’ என்று கேட்டானாம்.

மொனிகா, சிஞ்ஞோரா சட்டத்திலிருந்து கையை எடுத்தார். மூன்றரை மாதத்தில் முதல் தடவை. மிஜானை அருகில் கூப்பிட்டு, அவன் காதோடு ஒரு கேள்வி கேட்டார். மிஜானின் முகம் மாறிவிட்டது.

“என்னடாப்பா கேட்டவ?”

“பொலிஸ் போயிட்டுதோ எண்டு கேக்கிறா.”

“எந்தப் பொலிஸ்?”

“எனக்கென்ன தெரியும்? ஆனா கேட்ட விதம்... சின்னப் பிள்ளை கேக்கிற மாதிரி இருக்குது.”

மிஜான் இனி ஒவ்வொரு பின்னேரமும் கடையை மைத்துனனிடம் விட்டுவிட்டு வருவான்.

மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

மாமா


மன்னார்
15 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

பெரிய வாரத்து வேலைகளுக்கு நடுவில் எழுதுகிறேன். நலம். நீங்களும் சிஞ்ஞோராவும் நலமாக உயிர்ப்புப் பெருவிழாவைக் காணவேண்டும்.

எண்ணூறு என்ற இடத்தில் மதர் கோடு போடவில்லை. பேனாவை எடுத்தார், பிறகு வைத்துவிட்டார்.

சிஸ்ரர் அகஸ்ரீனா சொல்கிறார்: கல்கத்தாவில் முன்பு யப்பானியக் குடும்பங்கள் இருந்தனவாம். யுத்தத்தில் யப்பான் இறங்கியதும் வெள்ளைக்கார அரசு அவர்களைப் பிடித்து அடைத்ததாம். சிஞ்ஞோரா அப்போது குழந்தையாக இருந்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

சான்ட்ரோவிடம் சொல்லிவிட்டீர்களா? அவருடைய அம்மாவுக்குப் புத்தி பேதலிக்கவில்லை, ஏதோ பயத்தில் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியவேண்டாமா?

மொனிகா


சீசா, பலெர்மோ
1 மே 2025

அன்பு மருமகளுக்கு,

எல்லோரும் சுகமென நம்புகிறேன். இங்கே வெயில் வந்துவிட்டது. வீட்டில் ஒரு யன்னலும் இப்போது மூடுவதில்லை.

சிஸ்ரர் அகஸ்ரீனாவுக்குப் பொன்னாடை போர்த்துங்கள்! மிஜான் கேட்டுக் கேட்டுச் சொன்னான்: சிஞ்ஞோரா பிறந்ததே கல்கத்தாவில். அப்பா யப்பானியப் பல்வைத்தியர். காலையில் பல் பிடுங்குவார், மாலையில் முற்றத்தில் பாய் விரித்து வங்காள இளைஞர்களுக்கு யுயுத்சு என்னும் யப்பானிய மல்லு பழக்குவார். வெள்ளைக்காரனைத் தூக்கி எறிய ஆசைப்பட்ட இளைஞர்கள் ஊரில் நிறையவாம். ஒரு மாணவன் எறிபட்டுப் பக்கத்துத் தெருவில் விழுந்து, அங்கேயே கல்யாணம் செய்து, பிள்ளைகுட்டியோடு வாழ்ந்தான். (மதர், கோடு போடுங்கள்.)

அடுத்த வீட்டில் நிருபமா என்ற பெண்மணி. சிஞ்ஞோராவின் அம்மா அவருக்கு முள்ளங்கி ஊறுகாய் போடக் கற்றுக்கொடுத்தார். நிருபமா பதிலுக்கு மீனுக்குக் கடுகு அரைக்கக் கற்றுக்கொடுத்தார். பல்வைத்தியர் அந்தக் கடுகு மீனை முதல்முறை சாப்பிட்டு அழுதாராம். மறுநாள் இன்னும் இருக்கிறதா என்று கிண்ணத்தோடு போனாராம்.

பிறகு, 1941 டிசம்பரில் ஒரு காலை. பொலிஸார் வந்தார்கள். கோட்டு, கோப்பு, பேனா. சிஞ்ஞோராவுக்கு ஐந்து வயது, நிருபமாவின் அடுப்படியில் நின்றார். நிருபமா அவரைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துச் சொன்னாராம்: ‘உன் அம்மாவின் பாஷையில் ஒரு சொல்லும் வரக்கூடாது. கேட்டால், இந்த வீட்டுப் பெண் பிள்ளை என்று சொல்.’ பிள்ளை சொன்னது. நிருபமாவும் சத்தியம் செய்தார். அதிகாரி பார்த்தான், எழுதினான், போய்விட்டான். அப்பா அம்மாவை டில்லிக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். எட்டு மாதம் பிள்ளை வங்காளப் பிள்ளையாகவே வளர்ந்தது. யப்பானுக்குக் கப்பல் ஏற்றும்போதுதான் தாய்தகப்பனோடு சேர்த்தார்கள்.

டிசம்பரில் இங்கே யார் வந்தார்கள் என்று நினைத்துப்பார்! அதே கோட்டு, அதே கோப்பு. சிஞ்ஞோரா மறக்கவில்லை, மொனிகா. ஒளிந்திருக்கிறார்!

சான்ட்ரோ தினமும் ஆறு மணிக்கு எடுக்கிறான். நானும் மொழிபெயர்க்கிறேன். பேராசிரியை வருவதற்கு இன்னும் முப்பது நாள் இருக்கிறது. நீ கேட்டாயே, எங்கே படுப்பேன் என்று? ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் நல்ல பளிங்குக் கல் வாங்குகள் இருக்கின்றன. ராஜாக்களுக்கும் அப்படிக் கிடையாது.

மாமா


மன்னார்
13 மே 2025

மாமா,

இந்தத் தடவை நலம் விசாரிக்கவில்லை.

எல்லாம் தெரிந்த பிறகும் அந்த ஆறு மணிப் பொய்யைத் தொடர்கிறீர்களா? சொன்னால் யப்பான் மொழிக் கதை வெளியே வரும், சான்ட்ரோ உங்களை அனுப்பிவிடுவார், அந்த வாங்குதான் கதி. அதுதானே பயம்? விளங்குகிறது. எனக்கும் உங்களை நினைத்துக் கவலைதான்.

ஆனால் அந்தப் பேராசிரியை வந்து ‘இது யப்பான் மொழியே அல்ல, வெறும் உளறல்’ என்று சொல்லிவிட்டுப் போனால்? அந்தக் கையை யார் கட்டிலிலிருந்து பிரிப்பது?

நிருபமா பொய் சொன்னது பிள்ளைக்காக. உங்கள் பொய் இப்போது யாருக்காக?

மொனிகா


சீசா, பலெர்மோ
2 யூன் 2025

என் அன்பு மொனிகாவுக்கும், மதர் கிளறாவுக்கும், சிஸ்ரர் அகஸ்ரீனாவுக்கும், மேசையைச் சுற்றியிருக்கும் அனைவருக்கும்,

நலம், நலம், நலம்! மூன்று தடவை எழுதினால்தான் காணும்.

உன் கடிதம் இருபத்தேழாம் திகதி வந்தது. நான்கு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன், பை கனத்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மணியடித்தது. கதவைத் திறந்தால் சான்ட்ரோ, அவன் பின்னால் அந்தப் பேராசிரியை, முப்பது வயதிருக்கும், கையில் ஒரு பெட்டி இனிப்பு. அவர்களுக்குப் பின்னால், மொனிகா, டிசம்பரில் வந்த அந்தக் கோட்டுக்காரர்களில் ஒருவன், அதே கோப்போடு.

நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

“சிஞ்ஞோர் சான்ட்ரோ, உள்ளை போக முதல் நான் ஒண்டு சொல்லவேணும். எனக்கு யப்பான் பாசையிலை ஒரு சொல்லும் தெரியாது.”

அவன் என்னைப் பார்த்தான்.

“அப்ப அஞ்சு மாசமா?”

“எல்லாம் என்ரை கற்பனை. கொம்மா கதைக்கிறது வங்காளம். கீழை மரக்கறிக்கடை மிஜானுக்கு விளங்கும். தயவுசெய்து கோப்பு வைச்சிருக்கிறவரை வெளியிலை நிப்பாட்டுங்கோ. என்னைப் பிறகு அனுப்பலாம்.”

அவன் முகம் எந்த நிறம் என்று எழுதப்போவதில்லை. பேராசிரியைதான் முதலில் பேசினார். கோப்புக்காரனிடம் இனிப்புப் பெட்டியைக் கொடுத்து, “நீங்கள் படியில் இருந்து இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார். மகா புத்திசாலி.

மிஜான் கை கழுவாமலே ஓடிவந்தான். சிஞ்ஞோராவின் கட்டிலருகே நிலத்தில் குந்தி, அவன் மொழியில் கேட்டுக் கேட்டு, சான்ட்ரோவுக்கு இத்தாலிய மொழியில் சொன்னான். பல்வைத்தியர், பாய்கள், கடுகு மீன், அந்தக் காலை. தன் அம்மா யப்பானில் கோபே நகரில் பிறந்தவர் என்றுதான் அறுபது வயதுவரை சான்ட்ரோ நினைத்திருந்தான். பேராசிரியை யன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

“டிசம்பரிலை பொலிசை அனுப்பினது நான்தான்” என்றான் சான்ட்ரோ, ஒருவரிடமும் அல்லாமல். பிறகு மிஜானிடம்: “அவையள் போயிட்டினம் எண்டு சொல்லு. இனி ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு சொல்லு. நான் சொல்லுறன் எண்டு சொல்லு.”

மிஜான் சொன்னான். சிஞ்ஞோரா அவனை நம்பவில்லை. என்னைப் பார்த்தார். நான் போய்ப் படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, வெறுங்கையை விரித்துக் காட்டினேன். (கோப்புக்காரன் இனிப்போடு ஒரு தளம் கீழே இறங்கியிருந்தான்.)

அப்போது சிஞ்ஞோரா மகனை மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்த்தார். நேராக, சுத்தமான இத்தாலிய மொழியில் சொன்னார்:

“சான்ட்ரோ, நல்லா மெலிஞ்சு போனாய். வலன்ரீனோ, ஆக்கள் வந்தால் காப்பி போடத் தெரியாதோ?”

நான் குசினிக்குப் போனேன். தூளைப் போடாமல் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டு நின்றேன்.

சிஞ்ஞோரா இந்த வீட்டிலேயே இருப்பார். கையெழுத்து ஆகிவிட்டது. பேராசிரியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து யப்பான் மொழியில் கதைப்பார். அன்று சிஞ்ஞோரா அதில் பதில் சொல்லவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார். என் காரியம்: சான்ட்ரோ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்று காலை பெர்மெசோவுக்கான வேலைப் பத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, “காப்பிக்கு மட்டும். மொழிபெயர்ப்பு வேணுமெண்டால் மிஜான்” என்றான். பதவி பறிபோயிற்று. இனி ஆறு மணித் தொலைபேசி மிஜானிடம்தான் போகும்.

மதர், உங்கள் சிவப்புப் பேனாவுக்கு வேலை வைக்காமல் நானே கோடு போடுகிறேன். எண்ணூறு வங்காளிகள் வரவில்லை, மிஜானும் மைத்துனனும். பாட்டனார் முத்துக் குளிக்கவில்லை. மாணவன் பக்கத்துத் தெருவில் விழவில்லை. ஐந்து மாதம் நான் மொழிபெயர்த்தது அத்தனையும், தூண், சொர்க்கம், எல்லாம் சுத்தப் பொய்.

ஒன்றே ஒன்று தவிர. முதல் நாள், முதல் வசனம். சிஞ்ஞோரா கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல, சான்ட்ரோ “என்ன சொல்லுறா?” என்று கேட்டான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கையைத்தான் பார்த்தேன். “எங்கையும் போகமாட்டாவாம்” என்றேன். அது மட்டும் உண்மை.

மாமா
வலன்ரைன்